பழைய இரும்புக்குப் போகாத பீரங்கி

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் போய் பீரங்கி மேடு எங்கே என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். ராஜகோபால பீரங்கி என்று முழுப்பெயரைச் சொன்னால்தான் சிலர் யோசிப்பார்கள். கோட்டை இருந்த காலத்தில் அதன் கீழைச் சுவரை ஒட்டிய உயரமான மேடு அது. இப்போது கோட்டைச் சுவர் பெரும்பாலும் இல்லை. கீழ அலங்கம், மேல அலங்கம் என்று தெருப்பெயர்கள் இருக்கின்றன, மேடு இருக்கிறது, மேட்டின் மேல் 22 டன் இரும்பு இருக்கிறது.

இந்தப் பீரங்கி ரகுநாத நாயக்கர் காலத்தது என்பது பொதுவான முடிவு. அவர் 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்டவர். பீரங்கி 1620-ஐ ஒட்டிச் செய்யப்பட்டது என்கிறார்கள். அதே 1620-ல்தான் டென்மார்க்கிலிருந்து ஓவே யெட்டே கப்பலில் வந்து, ரகுநாதரோடு உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியைப் பெற்றார். இரண்டு செய்திகளும் ஒரே ஆண்டில் விழுந்ததும் ஒரு கதை முளைத்துவிட்டது: பீரங்கியை டேனிஷ்காரர்கள் செய்து கொடுத்தார்கள், அல்லது சொல்லிக் கொடுத்தார்கள். ஊர் பார்க்க வருகிறவர்களிடம் இதை இன்றும் சொல்கிறார்கள். நான் இதை நம்பவில்லை. காரணம், பீரங்கி செய்யப்பட்ட விதம்.

இது உருக்கி வார்த்த பீரங்கி அல்ல. கொல்லுப்பட்டறையில் காய்ச்சி, அடித்து, ஒட்டிச் செய்தது. உள்ளே 43 நீளமான இரும்புப் பட்டைகள் வட்டமாக அடுக்கப்பட்டுக் குழலாகியிருக்கின்றன. அவற்றின் மேல் 94 இரும்பு வளையங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக இறுக்கப்பட்டிருக்கின்றன. மரவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே புரியும். பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகச் செய்வார்கள். நெருப்பில் சிவக்கக் காய்ச்சினால் அது விரியும். விரிந்ததை மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். பீரங்கியில் உள்ளே இருப்பதும் இரும்பு. அதனால் வளையத்தை நன்றாகக் காய்ச்சி மாட்டிச் சம்மட்டியால் அடித்தால் இரும்போடு இரும்பு ஒட்டியும் போகும். ஆறியபின் அது குழலை விடாமல் நெருக்கிக்கொண்டே இருக்கும். மருந்து வெடிக்கும்போது குழல் பிளந்துவிடாமல் தடுக்க வேண்டியது அந்த நெருக்கம்தான்.

ஐரோப்பாவிலும் இந்த முறை இருந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையில் இருக்கும் மான்ஸ் மெக் இப்படிப் பட்டையும் வளையமுமாகச் செய்த பீரங்கிதான். ஆனால் அது செய்யப்பட்டது 1449-ல். ரகுநாதர் காலத்துக்குள் ஐரோப்பியர்கள் பெரிய பீரங்கிகளை வெண்கலத்திலோ இரும்பிலோ வார்க்கப் பழகிவிட்டார்கள். ஒட்டிச் செய்வது அங்கே தாத்தா காலத்து வேலை. தாங்களே கைவிட்ட தொழிலை டேனிஷ்காரர்கள் கப்பலேறி வந்து தஞ்சைக் கொல்லருக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்பது பொருந்துமா? இந்தியாவில் அந்தத் தொழில் அப்போது உயிரோடு இருந்தது. வங்காளத்து விஷ்ணுபூரில் மல்ல மன்னர்களின் தல்மாதல் பீரங்கியும் இதே வழியில் செய்ததே. வெண்கலத்துக்குச் செம்பும் வெள்ளீயமும் வாங்கக் கொள்ளைப் பணம் வேண்டும். இரும்பை அவ்வளவு பெரிய அளவில் உருக்கி ஊற்றும் உலை இங்கே இல்லை. இருந்ததெல்லாம் துருத்தி, கரி, கைத்திறன். சிறு உலையில் ஒரு முறைக்குச் சில கிலோ இரும்புக் கட்டி கிடைக்கும். அப்படிப்பட்ட கட்டிகளை அடித்துச் சேர்த்து 22 டன் ஆக்கியிருக்கிறார்கள்.

அதுவும் எந்த ஊரில்? காவிரி வண்டல் படிந்த நெல்வயல் சீமையில். இங்கே தோண்டினால் களிமண்ணும் மணலும்தான் வரும். இரும்புத்தாது கிடையாது. உலைக்குக் கரி தரும் காடும் பக்கத்தில் இல்லை. பெரிய கோயிலுக்குக் கருங்கல் வெளியிலிருந்து வந்ததைப் போலவே பீரங்கிக்கான இரும்பும் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். விளைந்த நெல்தான் எல்லாவற்றையும் வாங்கியது.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். நீளம் ஏறத்தாழ ஏழரை மீட்டர். வாயின் வெளி விட்டம் 93 சென்டிமீட்டர், உள் விட்டம் 63. மான்ஸ் மெக்கின் உள் விட்டம் 50 சென்டிமீட்டரை ஒட்டியதுதான். தஞ்சைப் பீரங்கியின் வாய்க்குப் பொருந்தும்படி ஒரு கருங்கல் குண்டு செதுக்கினால் அது சுமார் 300 கிலோ இருக்கும். அதைத் தூக்கி வாய்க்குள் தள்ளவே எத்தனை ஆள் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். இது ஒரே ஒரு தடவைதான் சுடப்பட்டது, அந்தச் சத்தத்தில் அக்கம்பக்கத்துக்கே காது போயிற்று என்று ஊரில் சொல்வார்கள். சுடாமலே கிடந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும், நினைத்த திசைக்குத் திருப்ப முடியாத பீரங்கி இது. எதிரி கிழக்கே, அதற்கு நேரே வந்து நின்றால் உண்டு. கோட்டை மேல் இப்படி ஒன்று கிடக்கிறது என்ற பேச்சுதான் அதன் பெரிய வேலையாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். நாயக்கர்களின் இஷ்ட தெய்வமான மன்னார்குடி ராஜகோபாலன் பெயரை அது சுமப்பதும் அந்தப் பேச்சுக்குத் துணை செய்திருக்கும்.

பிறகு வந்த போர்களில் அதனால் பயன் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசி நாயக்கர் விஜயராகவர் மதுரைப் படையோடு மோதி மாண்டார். அடுத்து வந்த மராட்டிய ஏகோஜி ஊரைப் பிடித்தார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டு, முடியாமல் திரும்பினார். 1773-ல் ஆற்காட்டு நவாபுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கோட்டையைக் கைப்பற்றியது. மூன்று ஆண்டு கழித்து மராட்டிய மன்னர் துளஜாவுக்கு அரசு திரும்பக் கிடைத்தது. இத்தனை கை மாறியும் பீரங்கி மேட்டை விட்டு இறங்கவில்லை.

1855-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசு முடிந்தது. தொடர்ந்து அரண்மனை ஆயுதசாலையும் கலைக்கப்பட்டது. நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்திருந்த வாள்களும் கட்டாரிகளும் ஈட்டிகளும் குவியல் குவியலாக உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்குப் போயின. வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். தப்பியவற்றில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. வேறு சில வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் கைக்குப் போயின. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இன்று தஞ்சைக் கட்டாரிகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. கையில் அடங்குகிற ஆயுதமெல்லாம் ஒன்று உலைக்குப் போயிற்று, இல்லையென்றால் ஊரை விட்டுப் போயிற்று.

பீரங்கி தங்கியது. யாரோ அருமை தெரிந்து காப்பாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. அதை மேட்டிலிருந்து இறக்க ஆகும் செலவு, விற்றால் கிடைக்கும் காசைவிட அதிகமாக இருந்திருக்கும். 43 பட்டையையும் 94 வளையத்தையும் பிரித்தெடுப்பது, செய்ததைவிடக் கடினமான வேலை. கொல்லர்கள் இறுக்கியது இறுகியே இருந்ததால் பிழைத்தது என்பதுதான் உண்மை. அதன்பின் நெடுங்காலம் புதரும் குப்பையும் அதற்குத் துணை. பெரிய கோயில், அரண்மனை, சரசுவதி மகால் என்று சுற்றுகிற பயணிகளின் பட்டியலில் பீரங்கி மேட்டுக்கு இடம் கிடைத்ததே அபூர்வம்.

அதை மறுபடி கண்டெடுத்தவர்கள் வரலாற்றாசிரியர்கள் அல்லர், உலோகவியல்காரர்கள். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம், டெல்லி இரும்புத்தூண் ஏன் துருப்பிடிக்கவில்லை என்று ஆராய்ந்தவர். இதே தூணைப் பற்றிப் புத்தகம் எழுதிய இன்னொருவர் டி.ஆர். அனந்தராமன், அவர் பெயரின் முதல் எழுத்தே தஞ்சாவூரைக் குறிப்பது. இவர்களும் சில பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து பீரங்கியை அளந்து, இரும்பின் நுண்ணமைப்பைப் பார்த்து, 2004-ல் ஓர் உலோகவியல் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். ஒட்டிச் செய்தது என்பதை விளக்கிக் காட்டியது அந்தக் கட்டுரைதான். அரிப்பை நன்றாகத் தாங்கும் இரும்பு இது என்பதையும் சோதனையில் கண்டார்கள். நானூறு ஐப்பசி மழையில் கூரையில்லாமல் நனைந்தும் கரைந்து போகாததற்குக் காரணம் கண்காணிப்பு அல்ல, இரும்பின் குணம். பாலசுப்பிரமணியமும் அனந்தராமனும் 2009-ல் காலமானார்கள்.

எதையும் தாங்கும் இரும்பு என்று நினைத்து விட்டுவிடவும் கூடாது. மேற்பரப்பில் காலப்போக்கில் படிந்த பழுப்புப் படலம்தான் அதற்குக் கவசம். அழகுபடுத்துகிறோம் என்று பெயிண்ட் அடித்தால், அது உரியும் இடத்தில் ஈரம் தங்கித் துரு உள்ளே போகும். சிமென்ட்டை இரும்போடு ஒட்டிப் பூசுவதும் அப்படித்தான். குழலுக்குள் சருகும் மழைநீரும் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேல் ஏறிப் படம் எடுப்பவர்களையும் ஆணியால் பெயர் கீறுபவர்களையும் தடுக்க ஒரு வேலியும் ஓர் ஆளும் போதும். பெருந்திட்டமோ கோடிக்கணக்கில் பணமோ இதற்குத் தேவையில்லை. ஒரு பலகையும் வேண்டும்: அளவும், செய்த முறையும், செய்தவர்கள் நம்மூர்க் கொல்லர்கள் என்பதும் அதில் தமிழில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் ஆட்டோவில் சில நிமிடம் கீழவாசலுக்கு ஒதுக்குங்கள். பீரங்கியின் பக்கவாட்டில் நடந்து, வளையங்கள் ஒன்றோடொன்று சேரும் வரிகளைப் பாருங்கள். தொடாமல் பாருங்கள்.