காலடிக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்பு

நியூ ஜெர்சியில் உள்ள மகன் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்தேன். நாள்தோறும் 45 நிமிடங்கள் நடந்தால்தான் என் சர்க்கரை அளவு கட்டுக்குள் நிற்கும். வெளியே நடைபாதையில் பனி உறைந்து கண்ணாடிபோல் கிடந்தது. அறுபதைக் கடந்தவன் அதில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, கார் நிறுத்தும் கராஜுக்குள்ளேயே நடக்கத் தொடங்கினேன்.

அந்த கராஜ் ஏறக்குறைய 20 அடிக்கு 20 அடி. ஒரு பாதியில் கார் நிற்கும். மறு பாதி காலி. கான்கிரீட் தரையின் மீது, ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் டைல்களை மகன் பதித்திருந்தான். பசையோ சிமென்ட் கலவையோ தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் யாரும் பதித்துவிடலாம். பார்க்க அழகாக இருக்கும். எண்ணெய்க் கறை பிடிக்காது. அதிகாலை 5 மணிக்கு எழுந்து அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம், பேத்திதான் உண்மையைச் சொன்னாள். "தாத்தா, நீங்க நடந்தா குதிரை ஓடுற மாதிரி சத்தம் வருது. அம்மா தலையணையைக் காதுல அழுத்திக்கிட்டுத்தான் படுத்திருக்காங்க." கராஜுக்கு நேர் மேலே மகனின் படுக்கையறை. மருமகள் மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணி முடிந்து நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பி, 2 மணிக்குத்தான் கண்ணயர்வாள். மூன்று வாரங்களாக அவளுடைய உறக்கத்தின் மீது நான் நடந்திருக்கிறேன். அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் கேட்டபோதும், "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா, நீங்க நடங்க" என்றுதான் பதில் வந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இதைவிடப் பெரிய வெட்கம் இருக்க முடியாது. ஒருவரது செயலின் பயன் அவருக்கும், அதன் இழப்பு அடுத்தவருக்கும் போய்ச் சேரும் நிலையைப் புறவிளைவு என்போம். 1920-இல் வெளிவந்த தமது நூலில் ஆர்தர் பிகு இதை விரிவாக ஆராய்ந்தார். 1960-இல் ரொனால்டு கோஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பிகுவின் வழியை மறுத்து வேறொரு கோணத்தைக் காட்டியது. அந்தக் கட்டுரையில் கோஸ் எடுத்தாளும் முதன்மையான வழக்குகளுள் ஒன்று ஓசையைப் பற்றியதுதான்.

லண்டன் விக்மோர் தெருவில் ஒரு மிட்டாய்க்காரர் இருந்தார். அவரது சமையலறையில் நம் உரலும் உலக்கையும் போன்ற இடிகருவிகள் இரண்டு. அவற்றுள் ஒன்று 60 ஆண்டுகளுக்கு மேலாக இடித்துக்கொண்டிருந்தது. பின்புறத்து விம்போல் தெருவில் ஒரு மருத்துவர் குடிவந்தார். எட்டு ஆண்டுகள் வரை சிக்கல் இல்லை. அதன்பின் தோட்டத்தின் கோடியில், அந்தச் சமையலறையை ஒட்டியே நோயாளிகளைப் பார்க்கும் அறையைக் கட்டினார். இடிக்கும் ஓசையில் நெஞ்சொலியைக் கேட்க முடியவில்லை என்று வழக்குத் தொடுத்தார். 1879-இல் தீர்ப்பு மருத்துவருக்குச் சாதகமாக அமைந்தது. கோஸ் எழுப்பிய கேள்வி இது: மிட்டாய்க்காரரைத் தடுத்தால் அவருக்கு இழப்பு, தடுக்காவிட்டால் மருத்துவருக்கு இழப்பு. பேரம் பேசுவதற்குச் செலவு ஏதும் இல்லையென்றால், தீர்ப்பு எதுவானாலும் இருவரும் கலந்து பேசி, குறைந்த செலவில் தீரும் வழியைக் கண்டடைய மாட்டார்களா?

வகுப்பில் இதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அது பொய்த்துப்போனது. மாமனாரிடம் மருமகள் பேரம் பேசுவாளா? பேரம் பேசச் செலவு இல்லை என்னும் அனுமானத்தின் எதிரே, மரியாதை என்னும் செலவு மலைபோல் நின்றது. ஆகவே, குறைந்த செலவில் தீரும் வழியைத் தேடும் பொறுப்பு ஓசை எழுப்பியவனுக்கே வந்து சேர்ந்தது.

முதலில் ஓசை எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தோம். இவ்வகை டைல்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் கடினமான பிளாஸ்டிக்கால் ஆனவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓரடிச் சதுரம். அடிப்பக்கம் தட்டையாக இராது; சிறு கால்களும் விலாக்களுமாக இருக்கும். தண்ணீர் வடிவதற்காக அப்படி அமைக்கிறார்கள். எனவே மேற்பரப்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறது. அது பறையின் உட்கூடு போன்றது. கான்கிரீட் தரையோ எங்கும் முழுச் சமமாக இருப்பதில்லை. கராஜ் தரையை வாசலை நோக்கிச் சற்றுச் சரித்தே போடுவார்கள். பள்ளம் உள்ள இடத்தில் டைல் அந்தரத்தில் நிற்கும். கால் வைத்ததும் அது இறங்கிக் கான்கிரீட்டில் மோதும். கால் எடுத்ததும் மேலெழும்பும். கொக்கிகளும் ஒன்றோடொன்று உரசும். நான் நடந்தபோது கேட்ட 'டக் டக்' ஒலி என் செருப்பினுடையதன்று. டைலின் கால்கள் கான்கிரீட்டை அடித்த ஒலி.

காலுறையோடு நடந்து பார்த்தேன். வழுக்கியதே தவிர ஓசை பெரிதாகக் குறையவில்லை. ஓசை பிறப்பது பாதத்துக்கும் டைலுக்கும் நடுவே அன்று, டைலுக்கும் தரைக்கும் நடுவே. அந்த இடத்தில்தான் ஏதேனும் ஒன்றை நுழைக்க வேண்டும். கட்டுமானத் துறையில் அதை அண்டர்லேமென்ட் என்கிறார்கள். நாம் அடிவிரிப்பு எனலாம்.

எதை விரிப்பது? மகன் கடையிலிருந்து மூன்று மாதிரிகளை வாங்கிவந்தான். ஒன்று, மரத்தோற்றம் கொண்ட லேமினேட் பலகைகளுக்கு அடியில் போடும் மெல்லிய நுரை விரிப்பு. இரண்டாவது, கூரைக்குப் போடும் தார்த்தாள். மூன்றாவது, பழைய டயர்களை அரைத்துச் செய்த 3 மில்லிமீட்டர் ரப்பர் சுருள். ஒவ்வொன்றின் மேலும் நான்கு டைல்களைப் பூட்டி, நான் நடக்க, மகன் மேல்மாடியில் நின்று கேட்டான். மருமகள் பணிக்குச் சென்றிருந்த மாலையில் இந்தச் சோதனை நடந்தது.

நுரையின் மேல் ஓசை மிகவும் குறைந்தது. அதையே வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பத்து முறை நடப்பதற்குள் ஒரு கொக்கி கழன்றது. நுரை மென்மையானது, அழுத்தினால் மிகுதியாக அமிழும். டைலின் சிறு கால்கள் அதற்குள் புதைய, இணைப்புகள் வளைந்து வாய் திறக்கும். மனிதன் நடந்தாலே இப்படியென்றால், கார்ச் சக்கரமோ ஜாக்கியோ ஏறினால் கொக்கிகள் முறியும். தார்த்தாள் உரசலைத் தணித்தது, மோதலைத் தணிக்கவில்லை. ரப்பர் நடுவழியில் நின்றது: நுரையளவு அமைதி இல்லை, எனினும் கொக்கிகள் அசையவில்லை. 'டக்' என்ற கூர்மையான ஒலி 'தொம்' என்று மழுங்கியது. அடிவிரிப்பு அடர்த்தியாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். தடிமனும் மென்மையும் கூடினால் அமைதி கூடும் என்பது இங்கே பொருந்தாது.

டைல் எந்தப் பொருளால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். எங்களுடையது பாலிபுரொப்பிலீன் என்பதால் ரப்பர் ஒத்துவந்தது. வளையும் தன்மையுள்ள பி.வி.சி. டைல்களும் உண்டு. அவை இயல்பாகவே ஓசை குறைந்தவை. ஆனால் ரப்பரோடு நெடுநாள் ஒட்டிக் கிடந்தால் அவற்றில் கறை படியும். புதிதாகப் பதிப்பவர்கள் தொடக்கத்திலேயே அந்த வகையை வாங்கினால் அடிவிரிப்புச் செலவு மிச்சமாகலாம்.

விரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. கான்கிரீட்டில் ஈரம் கசிகிறதா என்று அறிய, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு புறமும் நாடாவால் ஒட்டி ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். அடியில் நீர் முத்துக்கள் தென்பட்டால், முதலில் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். இல்லையெனில் விரிப்புக்குக் கீழே பூஞ்சை வளரும். எங்கள் தரை உலர்ந்திருந்தது. ரப்பர் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் போட்டோம். ஏறினால் அந்த இடத்தில் டைல் மேடிட்டு மீண்டும் தட்டும். சுவரை ஒட்டிச் சிறு இடைவெளி விட்டோம். கோடையில் பிளாஸ்டிக் விரியும். இடமில்லாவிட்டால் நடுவில் உப்பும். உப்பிய இடத்தில் ஓசை இரட்டிப்பாகும்.

கார் நிற்கும் பாதியில் ரப்பர் போடவில்லை. பனிக்காலத்தில் சக்கரங்கள் சாலை உப்போடு சேற்றுப்பனியைக் கொண்டுவருகின்றன. உருகிய நீர் டைலின் துளைகள் வழியே இறங்கிக் கான்கிரீட்டின் சரிவில் வாசலுக்கு ஓட வேண்டும். விரிப்பு அதைத் தேக்கி வைத்துக்கொள்ளும். மேலும், அங்கே நான் நடப்பதில்லை. தேவையற்ற இடத்தில் செலவு செய்வானேன்?

நான் நடந்த பகுதி 200 சதுர அடி. அதற்கான ரப்பர் 50 கிலோவுக்கு மேல் இருந்தது. தூக்கி இறக்கியதில் மகனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. விலையை நான் கொடுத்தேன். அவன் மறுத்தான். இழப்பை உண்டாக்கியவனே செலவை ஏற்பதுதான் பிகுவின் வழி என்று சொல்லி வாயடைத்தேன்.

முழு அமைதி கிடைத்ததா என்றால், இல்லை. அந்நாட்டு வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் ஆனவை. கராஜில் எழும் ஒலி காற்றின் வழியே கூரைப் பலகையைத் தாண்டி மேலே செல்லும். 10 டெசிபல் குறைந்தால் நம் செவிக்கு ஓசை ஏறக்குறையப் பாதியானதாகத் தோன்றும் என்பார்கள். எங்களுக்கு அந்த அளவு குறைந்திருக்கும் என்பது என் செவியின் மதிப்பீடு. அளவுகருவி எங்களிடம் இல்லை. மீதியைக் கடிகாரம் பார்த்துக்கொண்டது. நடையை 9 மணிக்குத் தள்ளிவைத்தேன். மருமகள் முதன்முறையாக, "மாமா, நேத்து நல்லாத் தூங்கினேன்" என்றாள்.

இத்தகைய விரிப்புகளின் உறையில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மோதல் ஓசையை அளக்க, தலா 500 கிராம் எடையுள்ள ஐந்து சுத்தியல்கள் 40 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்குப் பத்து முறை தரையைத் தட்டும் ஓர் இயந்திரம் உண்டு. கீழறையில் கேட்கும் ஒலியை வைத்து மதிப்பெண் தருவார்கள். அமெரிக்க முறையில் எண் கூடினால் நல்லது. அடுக்ககங்களுக்கு அங்குள்ள மாதிரிக் கட்டட விதி 50 கேட்கிறது. இங்கிலாந்திலோ கீழறையில் கேட்கும் ஒலியே எண். புதிய கட்டடங்களில் அது 62 டெசிபலைத் தாண்டக் கூடாது, எனவே குறைந்தால் நல்லது. உறையில் உள்ள பெரிய எண், தடித்த கான்கிரீட் தளமும் அதன்கீழ்த் தொங்கும் பொய்க்கூரையும் சேர்ந்த முழு அமைப்புக்கு உரியதாக இருக்கலாம். விரிப்பு மட்டும் எவ்வளவு சேர்த்தது என்று கேட்டு வாங்க வேண்டும்.

தென்கொரியாவில் மாடிகளுக்கு இடையிலான ஓசை பெரும் சமூகச் சிக்கலாகவே உருவெடுத்தது. அங்கே அடுக்ககத் தளத்தின் தடிமனுக்கு வரம்பு வகுத்ததோடு நிற்காமல், 2022 முதல் கட்டி முடித்த வீட்டிலேயே சோதனை செய்து 49 டெசிபலுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பிடுகின்றன. அவை ஒலிபெருக்கியையும் பட்டாசையும் மனத்தில் கொண்டவை. மேல்வீட்டு நாற்காலியை அல்ல. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒலித்தடுப்புக்கெனத் தனிப் பகுதி இருந்தும், வீடு வாங்கும்போது அதைப் பற்றிக் கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. நம் அடுக்ககங்களில் டைல்களைச் சிமென்ட் கலவையால் தளத்தோடு இறுக ஒட்டிவிடுகிறோம். குடியேறிய பிறகு அதன் அடியில் எதையும் நுழைக்க வழியில்லை. கட்டும்போதே மீள்தன்மையுள்ள ஒரு படலத்தை விரித்து, அதன்மேல் கலவையைப் போட்டு, விளிம்புகள் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் மோதல் ஓசை பெருமளவு குறையும். கட்டுநருக்கு அது கூடுதல் செலவு. அதன் பயனோ முகம் தெரியாத கீழ்வீட்டுக்காரருக்கு. எனவே, சந்தை இதைத் தானாகச் செய்யாது. விதியில் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து.

சென்னை திரும்பியதும், மேல்வீட்டில் இரவு 11 மணிக்கு நாற்காலி இழுபடும் ஓசை என்னை வரவேற்றது. எட்டு ஆண்டுகளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட ஓசை அது. மறுநாள் கால்களின் அடியில் ஒட்டும் ஃபெல்ட் வில்லைகள் இரண்டு அட்டை வாங்கிக்கொண்டு மேலே சென்றேன். ஆறு நாற்காலிகளுக்கு 24 வில்லைகள். அந்த வீட்டு அம்மையார் வியப்போடு வாங்கிக்கொண்டார். அவரது மகன் அன்று மாலையே ஒட்டிவிட்டான்.

திரும்பும் வழியில், ஏதோ தோன்ற, கீழ்வீட்டுக் கதவையும் தட்டினேன். எங்களால் ஏதேனும் தொந்தரவு உண்டா என்று கேட்டேன். அந்தப் பெரியவர் நெடுநேரம் தயங்கினார். பிறகு, "உங்க வீட்டு ஊஞ்சல் சார்" என்றார். மதியம் 2 மணிக்கு நான் ஆடும்போது காலால் தரையை உந்தும் ஒவ்வொரு முறையும் அவருடைய மின்விசிறியின் கிண்ணம் அதிர்கிறதாம். ஊஞ்சலுக்கு அடியில் போடுவதற்காக ஒரு ரப்பர் பாய் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும்.

கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர்.