அரிக்கமேடு

அரிக்கமேடு: புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கி.மீ. தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் வலக்கரையில், காக்காயந்தோப்பை ஒட்டி அமைந்த தொல்லியல் மேடு. கிறித்து பிறப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நூற்றாண்டுகளிலிருந்து மக்கள் குடியிருந்து, கைத்தொழிலும் கடல் வணிகமும் நடத்திய துறைமுக ஊர் இங்குப் புதைந்துள்ளது. ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே தள்ளி இருப்பதால், வங்கக் கடலின் அலைக்கும் காற்றுக்கும் ஒதுங்கிக் கலங்களை நிறுத்த ஏற்ற இடம். அதே ஆறுதான் கரையை அரித்து மேட்டின் ஒரு பகுதியைக் கொண்டுபோகவும் செய்தது.

மேட்டில் இன்று கண்ணில் படும் உயர்ந்த செங்கல் சுவர்கள் அந்தப் பழைய ஊரைச் சேர்ந்தவை அல்ல. அவை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய குருமடத்தின் எச்சங்கள். பின்னாளில் வியட்நாம் அரசியலில் பெயர் பெற்ற பாதிரியார் பிஞ்ஞோ தெ பெயேன் இதனுடன் தொடர்புடையவர். மேட்டிலிருந்து பெயர்த்தெடுத்த பழைய செங்கற்களும் அக்கட்டடத்தில் சேர்ந்திருக்கலாம் என்பர். பார்க்க வருவோர் பலர் இச்சுவர்களை ரோமானியர் கட்டியவை என எண்ணிப் படம் எடுத்துத் திரும்புகின்றனர்.

ஊரின் பழம்பெயர் பற்றி முடிந்த முடிபு இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த, ஆசிரியர் பெயர் தெரியாத 'எரித்திரேயக் கடற்பயண நூல்' தமிழகத்துக் கிழக்குக் கரையில் கமாரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைகளை வரிசையாகக் குறிப்பிடுகிறது. கிரேக்கப் புவியியலர் தாலமியும் பொதுகேயைச் சொல்கிறார். கமாரா காவிரிப்பூம்பட்டினம், சோபட்மா மரக்காணம் என்று கொண்டால், இடைப்பட்ட பொதுகே அரிக்கமேடாகவோ அதை அடுத்த புதுச்சேரிப் பகுதியாகவோ இருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து. அகநானூற்றில் வரும் வீரை என்னும் துறையை அருகிலுள்ள வீராம்பட்டினத்தோடு பொருத்துவாரும் உளர். 'வீரை' என்னும் ஒலியொப்புமை தவிர இதற்கு வேறு சான்று வலுவாக இல்லை.

மேட்டைப் பற்றி எழுதி வைத்த முதல் வெளிநாட்டவருள் குறிப்பிடத்தக்கவர் பிரெஞ்சு வானியலர் கியோம் லெ ஜான்டீ. 1761இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண அவர் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால், ஆடும் கப்பலிலிருந்து அந்நிகழ்வை அளக்க முடியாமல் போயிற்று. எட்டாண்டு கீழ்த்திசைக் கடல்களிலேயே சுற்றிக் காத்திருந்து, 1769இல் புதுச்சேரியில் கருவிகளோடு ஆயத்தமாக இருந்தபோது மேகம் மறைத்துவிட்டது. வானம் கைவிட்ட அவர் மண்ணைப் பார்த்தது நமக்கு ஆதாயம். ஆற்றங்கரையில் பெரிய செங்கற்களால் ஆன பழஞ்சுவர்களையும் உறைகிணறுகளையும் கண்டதாகவும், அவை பழைய அரசன் ஒருவனுடையவை என்று ஊரார் சொன்னதாகவும் அவர் குறித்துள்ளார்.

19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் அரிக்கமேட்டுக்கு அநேகமாக இடமே இல்லை.

1930களில் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்தவரும் பல்லவர் வரலாறு பற்றி எழுதியவருமான ழுவோ துப்ரேய், மேட்டில் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் அவர்களிடமிருந்து வாங்கிச் சேர்த்தார். 1937இல் அவர் கைக்கு வந்த மணிக்கல் ஒன்றில் ஓர் ஆணின் தலை செதுக்கப்பட்டிருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டசின் உருவம் என்று கூறிய அவர், இவ்விடம் ரோமானியத் தொடர்புடைய பொதுகே நகரமே என்று முடிவு கட்டினார். 1940களின் தொடக்கத்தில் பாதிரியார் ஃபோஷேயும் சுர்லோவும் அகழ்ந்தனர். இருவரும் தொல்லியல் பயின்றவர் அல்லர். கிடைத்தவற்றுள் ஒரு பகுதி ஹனோய்க்கும் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போயிற்று.

எழும்பூருக்கு வந்த அந்தச் சில ஓடுகளே அரிக்கமேட்டை உலகறியச் செய்தன. 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், அவ்வாண்டு ஜூலையில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தார். அலமாரி ஒன்றைத் துழாவியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளில் மது ஏற்றப் பயன்பட்ட ஆம்போரா ஜாடியின் கழுத்தும் பிடியும் கையில் தட்டுப்பட்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். எங்கிருந்து வந்தது என்று விசாரித்து உடனே புதுச்சேரிக்குப் போனார். அங்கே நூலகத்தில் தூசி படிந்த கண்ணாடிப் பெட்டிகளில் மேலும் பல ஓடுகள் இருந்தன. வீலர் கதை சொல்வதில் வல்லவர் என்பதையும் நினைவில் கொண்டே இதைப் படிக்க வேண்டும்.

வீலரின் பரபரப்புக்குக் காரணம் இருந்தது. தென்னிந்தியாவில் பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தும் அவற்றுக்குக் காலம் சொல்ல வழி இல்லாதிருந்தது. காலம் திட்டமாகத் தெரிந்த வெளிநாட்டுப் பொருள் ஒன்று உள்ளூர் ஓடுகளோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்துவிட்டால், அந்த உள்ளூர் ஓடுகளுக்கும் அதே காலம் கிடைத்துவிடும். பிறகு அத்தகைய ஓடு எந்த ஊரில் கிடைத்தாலும் அந்த அடுக்கின் காலத்தைக் கணிக்கலாம். புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அவர்கள் இசைவுடன் 1945இல் வீலர் அகழ்ந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பெயரால் வழங்கும் செந்நிற 'அரிட்டைன்' கலத்தின் ஓடுகள் கிடைத்தன. சிலவற்றில் விபியே, கமூரி, இட்டா எனக் குயவர் முத்திரைகள் இருந்தன. இவ்வகைக் கலம் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு வழக்கொழிந்தது என்பதால், வீலர் தேடிய காலப்புள்ளி கிடைத்துவிட்டது.

150 அடிக்கு மேல் நீளமான செங்கல் கட்டடம் ஒன்றும் வெளிப்பட்டது. வீலர் அதைப் பண்டகசாலை என்றார். மற்றோர் இடத்தில் செங்கல் தொட்டிகளும் வடிகால்களும் இருந்தன. மெல்லிய துணிக்குச் சாயம் ஏற்றிய இடம் அது என்பது அவர் ஊகம். பின்வந்தோர் எல்லாரும் இதை ஏற்கவில்லை. அகழாய்வு அறிக்கை 1946இல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழின் 2ஆம் எண்ணில், ஏ. கோஷ், கிருஷ்ண தேவா ஆகியோர் பங்களிப்புடன் வெளிவந்தது. 'இந்திய-ரோமானிய வணிக நிலையம்' என்று அதன் தலைப்பிலேயே ஒட்டிய பெயர் அரிக்கமேட்டை விட்டு இன்னும் முழுதாக அகலவில்லை. அரிக்கமேட்டில் பெற்ற காலக்கணிப்பைக் கொண்டே வீலர் 1947இல் கருநாடகத்தின் பிரம்மகிரியில் பெருங்கற்கால அடுக்குகளுக்குக் காலம் குறித்தார்.

1947 முதல் 1950 வரை அகழ்ந்த பிரெஞ்சுத் தொல்லியலர் ழான்-மரி கசால், ரோமானியப் பொருள்கள் வருவதற்கு முன்பே இங்கு ஊர் இருந்ததைத் தெளிவுபடுத்தினார். முத்தரப்பாளையம், சுத்துக்கேணி ஆகிய இடங்களில் உள்ள ஈமக்காடுகளையும் அவர் ஆராய்ந்தார்.

அதன்பின் ஏறத்தாழ நாற்பதாண்டு இடைவெளி. 1989 முதல் 1992 வரை தொல்லியலர் விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. வி. ராமனும் மீண்டும் அகழ்ந்தனர். முடிவுகள் 1996, 2004 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்தன. வீலர் கணித்த காலங்கள் பல இதில் திருத்தம் பெற்றன. வட்டவட்டமாக நுண்கோடுகள் பதித்த 'ரௌலட்டட்' தட்டு, வீலர் எண்ணியதுபோல் மத்தியதரைப் பொருள் அன்று. இந்தியாவிலேயே ஆனது என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்டது. கங்கைக் கழிமுகப் பகுதியில் செய்யப்பட்டது என்பர் சிலர். பல இடங்களில் செய்யப்பட்டிருக்கலாம் என்பர் வேறு சிலர். பாலித் தீவின் செம்பிரானிலும் இத்தட்டின் ஓடுகள் கிடைத்துள்ளன. யவனர் எனப்பட்ட மேலைநாட்டு வணிகர் இங்குக் குடியிருந்தனரா, அவர்கள் சரக்கு மட்டும் வந்து இறங்கியதா என்பதிலும் அறிஞர் ஒன்றுபடவில்லை. தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளில் தமிழும் பிராகிருதமும் காணப்படுவதால், பல மொழியினர் புழங்கிய துறை என்பது மட்டும் உறுதி.

அரிக்கமேட்டில் வந்து இறங்கியவற்றைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, அங்கே செய்யப்பட்டவை பற்றி நெடுங்காலம் எழுதப்படவில்லை. இக்குறையைப் போக்கியவர் மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், கார்னெட், படிகம் ஆகிய கற்களை இங்கே உடைத்து, தேய்த்து, துளையிட்டு மணியாக்கினர். அரைகுறையாக நின்றுபோனவையும், துளையிடும்போது பிளந்தவையும், கழிவுச் சில்லுகளும் தொழில் இங்கேயே நடந்ததற்குச் சான்று. கண்ணாடி மணிகள் இன்னும் வியப்பானவை. செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என ஒற்றை நிறத்தவை. பெரும்பாலும் 5 மி.மீ.க்கும் குறைந்தவை, சில கடுகினும் சற்றே பெரியவை. உருகிய கண்ணாடியை இரும்புத் தண்டில் திரட்டி, நடுவே துளை விழுமாறு உலையிலிருந்து நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் துண்டு துண்டாக நறுக்கி, வெட்டுவாய் மழுங்கச் சாம்பலோடு மீண்டும் சூடாக்குவது முறை. திருப்பதிப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறை இருபதாம் நூற்றாண்டிலும் வழங்கியதைப் பிரான்சிஸ் நேரில் பார்த்து எழுதினார். இந்தோ-பசிபிக் மணிகள் எனப்படும் இவை ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை கிடைக்கின்றன. இத்தொழில் அரிக்கமேட்டிலிருந்தே இலங்கையின் மாந்தைக்கும் தாய்லாந்து, வியட்நாம் கரைகளுக்கும் பரவியது என்றார் அவர். தொடங்கிய இடம் ஒன்றே என்பதைப் பிற்கால வேதியியல் ஆய்வுகள் அவ்வளவு உறுதியாக ஆதரிக்கவில்லை. ஆயினும் நெடுங்காலம் நடந்த பெரிய தொழிற்களங்களுள் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

ரோமானியத் தொடர்பு இக்கரையில் அரிக்கமேட்டோடு நின்றதும் அன்று. சென்னை மாம்பலத்தில் முத்திரை நாணயக் குவியல் ஒன்றுடன் அகஸ்டஸ் காலத்து வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. 

ரோமானிய வணிகம் தேய்ந்தபின்னும் ஊர் அழியவில்லை. சோழர் காசுகளும் சீனப் பீங்கான் ஓடுகளும் இங்குக் கிடைத்துள்ளன.

மேடு இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010இல் 'இந்தியாவின் பட்டுப்பாதை இடங்கள்' என்னும் தொகுப்பில் காவிரிப்பூம்பட்டினத்தோடு அரிக்கமேடும் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது. அகழ்ந்தெடுத்த பொருள்களில் கணிசமானவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம்.