பழைய கணினி விளையாட்டுகளின் மறுவாழ்வு: ஒரு வரலாற்று நோக்கு

அச்சேறிய நூலொன்றைப் படிப்பதற்குக் கண்ணும் எழுத்தறிவும் இருந்தாற் போதும். கணினி விளையாட்டோ தனக்குரிய இயந்திரத்தையும், அவ்வியந்திரத்தை நெறிப்படுத்தும் பணிசெயல் முறைமையையும் வேண்டி நிற்பது. அவை மாறுமிடத்து, வட்டில் எழுதப்பட்டவை அழியாதிருந்தும் படைப்பு ஊமையாகிவிடுகிறது. இந்நிலை எவ்வாறு தோன்றிற்று, யாருடைய உழைப்பால் ஓரளவு நீங்கிற்று என்பனவற்றை ஈண்டு நோக்குவோம்.

1981இல் ஐபிஎம் நிறுவனம் தனியாள் கணினியை வெளியிட்டபோது அதனுடன் வழங்கப்பட்ட டொஸ் முறைமை, செய்நிரலுக்கும் வன்பொருளுக்குமிடையே தடையாக நிற்கவில்லை. விளையாட்டுகளை ஆக்கியோர் வேகங் கருதித் திரையையும் ஒலி அட்டையையும் நேரடியாகவே இயக்கினர். சிலர் செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டனர். வேகமிக்க புதிய கணினியில் அவ்விளையாட்டுகள் கட்டுமீறி ஓடின. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, வன்பொருளை நேரடியாக அணுகுவதைத் தடுக்கும் என்ரி மரபை இல்லங்களுக்குக் கொணர்ந்தது. பின்னர் பரவிய 64 பிற் விண்டோஸ், 16 பிற் செய்நிரல்களை அறவே ஏற்கவில்லை.

இதனை வெறுந் தொழினுட்ப விளைவெனக் கொள்வதற்கில்லை. சந்தையிழந்த பண்டத்தைச் செப்பனிடுவதில் உரிமையாளருக்கு இலாபமில்லை. செப்பனிட விரும்பியோருக்கோ மூலநிரலுமில்லை, உரிமையுமில்லை. இம்முரண்பாட்டினின்றே தன்னார்வலரின் முயற்சி பிறந்தது.

அம்முயற்சி மூவகைப்பட்டது. முதலாவது, பழைய இயந்திரத்தையே மென்பொருளாக மீளப் படைத்தல். 2002இல் வெளிவந்த டொஸ்பொக்ஸ், பழைய செயலியையும் திரையையும் ஒலி அட்டையையும் போலச் செய்து, செயலியின் வேகத்தையும் மட்டுப்படுத்துகிறது. இரண்டாவது, இயக்குநிரலை மட்டும் புதிதாக எழுதுதல். 1987இல் லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தின் ‘மேனியக் மான்ஷன்’ விளையாட்டுக்காக றொன் கில்பேர்ட் முதலியோர் ஆக்கிய ஸ்கம் அமைப்பில், கதைக் கட்டளைகள் வேறு, அவற்றை நிறைவேற்றும் இயக்குநிரல் வேறு. எனவேதான் 2001இல் லுட்விக் ஸ்ட்ரிகியசும் வின்சென்ட் ஹாமும் தொடங்கிய ஸ்கம்விஎம், இயக்குநிரலைப் புதிதாக எழுதிப் பழைய கதைகளைப் பேசவைக்க முடிந்தது. மூன்றாவது, உரிமையாளரே மூலநிரலைத் திறந்துவிடல். 1993இல் வெளியான ‘டூம்’ விளையாட்டின் மூலநிரலை 1997இல் ஜோன் கார்மக் பொதுவில் வைத்தார். எனினும் அதன் படங்களும் களங்களும் தனியுடைமையாகவே தொடர்ந்தன.

கூட்டுழைப்பின் விளைவு மீண்டும் சந்தையை அடைந்தமையும் கருதத்தக்கது. 2008இல் தொடங்கப்பட்ட ஜிஓஜி விற்பனை நிலையம், பழைய விளையாட்டுகள் பலவற்றை டொஸ்பொக்சுடன் இணைத்தே விற்றது. கட்டற்ற உரிமம் இதனை அனுமதிக்கிறது. இதனாற் பல விளையாட்டுகள் மீண்டும் கிடைத்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், எவை மீள வேண்டுமென்பதை அங்கே விலைபோகுந் தன்மையே தீர்மானிக்கிறது.

2023இல் வெளியான ஆய்வொன்று, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 வீதமானவை விற்பனையில் இல்லையெனக் காட்டிற்று. அவற்றை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்து பயன்படுத்த வழங்கும் அனுமதியை நூலகங்கள் சார்பிற் கோரியபோது, 2024இல் அமெரிக்காவின் பதிப்புரிமை அதிகாரபீடம் மறுத்தது. இயங்கவைக்கும் அறிவு இன்று நம்மிடம் உண்டு. பண்பாட்டுச் சொத்தைச் சமூகத்தின் உடைமையாக ஏற்கும் சட்டமே இன்னும் உருவாகவில்லை. பழைய விளையாட்டின் வரலாறு நமக்குணர்த்துவது இதுவேயாம்.