பத்து வருஷக் கோடு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், படப்பையைத் தாண்டினால் சேரப்பணஞ்சேரி. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரகடம் ஆலைகளுக்குப் போகும், வரும் கம்பெனி பஸ்கள்... ஜன்னலில் சாய்ந்து தூங்கும் இளசுகள்! அவர்களிடம் போய் ‘பென்ஷன்’ என்று பேச்செடுத்தால் சிரிப்பார்கள். அது தாத்தா சமாச்சாரம்!

சிப்பாய்க்கும் அரசாங்க உத்தியோகஸ்தருக்கும் கிடைத்துவந்த பென்ஷனை, சட்டம் போட்டு ஆலைத் தொழிலாளிக்கும் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் பிஸ்மார்க். வருஷம் 1889. கருணையா? தொழிலாளிகள் சோஷலிஸ்ட்டுகள் பக்கம் சாய்ந்துவிடக்கூடாதே என்ற கவலை! பென்ஷன் வயது 70. கூடவே, 30 வருஷம் சந்தா கட்டியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் எழுபதைத் தொட்ட தொழிலாளிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கில்லாடி! (பிஸ்மார்க் வைத்த வயது 65 என்று பலர் எழுதுகிறார்கள். தப்பு. அது 65 ஆனது 1916-ல்.)

‘இத்தனை வருஷம் இருந்தால்தான்’ என்கிற அந்த நிபந்தனையை ஞாபகம் வைத்துக்கொண்டு நம்ம ஊருக்கு வாருங்கள்.

இங்கே பி.எஃப். சட்டம் வந்தது 1952-ல். ஜவுளி, சிமென்ட், சிகரெட் என்று ஆறே ஆறு தொழில்களுக்கு. வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாக ஒரு தொகை, அவ்வளவுதான். 1971-ல், சர்வீஸில் இருக்கும்போதே தொழிலாளி இறந்துபோனால் குடும்பத்துக்கு பென்ஷன் என்றார்கள். அதாவது, பென்ஷன் வாங்க சாக வேண்டும்! உயிரோடு இருக்கிற தொழிலாளிக்கு மாதாமாதம் பணம் என்று ஏற்பாடானது 1995 நவம்பரில்தான். 58 வயதில் பென்ஷன். ஆனால், குறைந்தது பத்து வருஷ சர்வீஸ் வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோமா? சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி, 70-ஆல் வகுக்கணும். இதில் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பரில் அதை 6,500-லிருந்து 15,000 ரூபாய் ஆக்கினார்கள். பேச்சுக்கு அந்த 15,000-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு 2,143 ரூபாய். 35 வருஷம் உழைத்தால் 7,500. விலைவாசி ஏறினாலும் இது கூடவே ஏறாது. குறைந்தபட்சம் 1,000 ரூபாயாவது தரணும் என்று முடிவானதும் அதே 2014-ல்தான்.

அந்த ஆயிரத்துக்கே கோட்டைத் தொடணும். இங்கேதான் ஸ்ரீபெரும்புதூர் கதை வருகிறது.

நோக்கியா ஆலை நினைவிருக்கிறதா? 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பம். நல்லா ஓடிய நாட்களில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை, அதில் ஏராளமான இளம் பெண்கள். அப்புறம் வரித் தகராறு, ஆலை முடக்கம், வி.ஆர்.எஸ்... 2014 நவம்பர் 1-ம் தேதியோடு இயக்கம் நின்றது. விரலை மடக்கி எண்ணுங்கள். முதல் நாள் சேர்ந்தவருக்குக்கூட ஒன்பது வருஷம் முழுசாக ஆகவில்லை. ஆலைக்கே பத்து வயசு ஆகலையே!

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. பணத்தை எடுக்காமல் ‘ஸ்கீம் சர்டிஃபிகேட்’ வாங்கிக்கொண்டால், அடுத்த கம்பெனி சர்வீஸோடு பழைய வருஷங்களும் சேரும். ஆனால், வேலை போன வீட்டில் யார் சர்டிஃபிகேட் வாங்குவார்கள்? பத்து வருஷத்துக்குக் குறைந்தவர் பென்ஷன் பணத்தை எடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. எடுத்தால், மீட்டர் பூஜ்யம்! கம்பெனி மாறினாலும் மாறாத யு.ஏ.என். எண் அறிமுகமானதே 2014 அக்டோபரில். நோக்கியா நிற்க இரண்டே வாரம் இருக்கும்போது!

இன்னொன்று. அப்ரென்டிஸ் சட்டப்படி பயிற்சியில் இருப்பவருக்கு பி.எஃப். கிடையாது. அந்த வருஷங்கள் கணக்கிலேயே வராது. பஸ்ஸில் தூங்குகிறவர்களில் அவர்களும் உண்டு.

2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு ஒரு முடிவெடுத்தது. வேலை போனவர் பென்ஷன் பணத்தை எடுக்க, இரண்டு மாதத்துக்குப் பதில் 36 மாதம் காத்திருக்கணும். ஆளாளுக்குக் கொதித்தார்கள். என்னைக் கேட்டால், நோக்கம் சரி. ஆனால், அதுவரை அடுப்பெரிய வழி?

2006-ல் இருபது வயசில் நோக்கியாவில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 58 ஆவது 2044-ல். அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால், இன்னும் ஒன்றிரண்டு வருஷம் எங்காவது பி.எஃப். பிடிக்கிற வேலை போதும். எடுத்திருந்தால், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.