பிக்சர் டியூபும் காமாவும்

டிவி ரிப்பேர் வேலையில் முப்பது வருடம் இருந்தவன் நான். "படம் இருட்டா இருக்கு சார்" என்பது அடிக்கடி கேட்ட புகார். பிரைட்னஸைக் கூட்டினால் கருப்பு சாம்பலாகும். கான்ட்ராஸ்டைக் கூட்டினால் முகங்கள் வெளிறும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெளிச்சத்தைத் தொட வீட்டு டிவியில் திருகு கிடையாது. அதை ஆள்வது காமா.

பிக்சர் டியூபின் மூதாதை, ஜெர்மானியரான கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897-இல் செய்த குழாய். டியூபுக்கு ஒரு பிறவிக் குணம்: சிக்னலைப் பாதியாகக் குறைத்தால் வெளிச்சம் பாதியாகாது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். கணக்கில் சொன்னால் வெளிச்சம் என்பது சிக்னலின் 2.2 முதல் 2.5 வரையான அடுக்கு. அந்த அடுக்குக்குத்தான் காமா என்று பெயர்.

இதைத் திருத்த வீட்டுக்கு வீடு சர்க்யூட் வைத்தால் செலவு. அதனால் கேமரா பக்கத்திலேயே சிக்னலை எதிர்த்திசையில் வளைத்து அனுப்பினார்கள். 1953-இல் அமெரிக்கா ஏற்ற கலர் டிவி விதிமுறை, வீட்டு டிவியின் காமாவை 2.2 என்றே வைத்துக்கொண்டது. இதில் ஒரு லாபமும் கிடைத்தது. நம் கண் இருட்டில் உள்ள சிறு வித்தியாசத்தையும் பிரித்தறியும். வளைத்து அனுப்பியதால் அந்த இருட்டுப் பகுதியில் புள்ளி இரைச்சல் குறைந்தது.

வீடியோ கேமுக்கு கேமரா ஏது? 1983-இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபாமிகாமின் சிப், டிவி சிக்னலை நேராகவே உண்டாக்கியது. சிவப்பு, பச்சை, நீலம் இவ்வளவு என்ற கணக்கு அதற்குள் இல்லை. நம்மூர் பர்மா பஜாரில் விற்ற நகல்களும் அதே வழிதான். ஆகவே "இதுதான் சரியான நிறம்" என்று பெட்டிக்குள் தேடினால் கிடைக்காது. டியூபில் தெரிந்ததுதான் நிறம்.

1993-இல் வந்த 'டூம்' கம்ப்யூட்டர் கேமில் பல இடங்கள் இருட்டு. மானிட்டருக்கு மானிட்டர் வெளிச்சம் மாறும் என்பதால், எஃப்11 விசையை அழுத்தி காமாவை நான்கு படி ஏற்ற வழி வைத்தார்கள். 2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸில் கதை தலைகீழ். அதன் திரைக்கு விளக்கே இல்லை. இருட்டடிக்கும் என்று பல கேம்களின் நிறங்களைத் தூக்கிப் போட்டார்கள். 2003-இல் அவற்றை டிவியில் ஆட வழி வந்தபோது, அதே நிறங்கள் வெளுத்துத் தெரிந்தன.

இன்றைய எல்சிடி திரைக்கு டியூபின் குணம் பிறவியில் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் வைத்து நடிக்கிறது. 2011-இல் ஸ்டுடியோ மானிட்டர்களுக்கு 2.4 என்ற அளவைத் தேர்ந்ததும் டியூபைப் பார்த்துத்தான். செத்தும் ஆள்கிறது!

பழைய கேம் ஆடுபவர்களுக்கு என் யோசனை: முதலில் பிரைட்னஸால் கருப்பைக் கருப்பாக்குங்கள். அடுத்து கான்ட்ராஸ்டால் வெள்ளையைப் பிடியுங்கள். காமாவைக் கடைசியில் தொடுங்கள். இந்த வரிசை மாறினால் மூன்றையும் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கேம்களின் எண்களைக் கம்ப்யூட்டரில் பத்திரமாகச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் வரைந்தவர் பார்த்த வெளிச்சம் அந்த எண்களில் இல்லை, கண்ணாடியில் இருந்தது. பரணில் ஓடும் நிலையில் டியூப் டிவி இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள். பின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் டியூபில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும்.