எந்தப் பெட்டிக்குள் புள்ளடி?

சென்ற மாதப் பேச்சில் நேரம் போதாமல் பாதியில் நிறுத்திய விடயத்தை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் குடியிருக்கும் குடும்பத்தின் மூத்த பிள்ளை மடிக்கணினியுடன் வீட்டுக்கு வந்தாள். 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய் தகப்பனோடு படகில் வந்து இறங்கியபோது அவளுக்கு ஆறு வயது. சிட்னியிலேயே படித்து வளர்ந்தவள். அந்த வருடம் எச்.எஸ்.சி. பரீட்சை. மருத்துவபீடத்துக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதிலை நான் எந்தப் பெட்டிக்குள்ளை புள்ளடி போடுறது?"

குடியுரிமை உள்ளவர், நிரந்தர வதிவிடம் உள்ளவர், நிரந்தர மனிதாபிமான வீசா உள்ளவர், சர்வதேச மாணவர். இவையே பெட்டிகள். தகப்பனின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, குடும்பம் முழுவதும் பிரிட்ஜிங் வீசாவில் இருக்கிறது. ஆகவே அவளுக்குப் பொருந்தியது கடைசிப் பெட்டி மட்டும்தான். "அப்ப நான் எந்த நாட்டிலையிருந்து வாற சர்வதேச மாணவி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. தேத்தண்ணி போட எழும்பிவிட்டேன்.

மருத்துவபீட வாசலில் "நீ எந்த வகை?" என்று கேட்கப்படுவது எங்கள் சமூகத்துக்குப் பழகிய சங்கதி. ஆனால் ஒருகாலத்தில் அப்படி இருக்கவில்லை. அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் பணியைத் தொடங்கி, உள்ளூர்ப் பெடியன்களுக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். பின்னர் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே கற்பித்தார். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் தொடங்கியது 1862இல்தான். சிட்னியில் மருத்துவ வகுப்புகள் ஆரம்பித்தது 1883இல். எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

பிறகு வந்தது எழுபதுகளின் தரப்படுத்தல். 1970ஆம் ஆண்டுப் பெறுபேறுகளின்படி மருத்துவபீட அனுமதிக்கு 400 புள்ளிகளில் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதும். தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்றானது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு அது பேரிடி. ஆனால் வன்னியிலும் கிழக்கிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு அதே ஒதுக்கீடு வழி திறந்தது என்பதையும் நாங்கள் மறைக்கக்கூடாது. நானும் அந்தக் காலத்தில் உயர்தரம் எழுதியவன். இடம் கிடைக்கவில்லை. தரப்படுத்தல் இல்லாவிட்டால் கிடைத்திருக்குமா என்று கேட்காதீர்கள், தாவரவியலில் நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் வந்தபோது எனக்கு வயது கடந்துவிட்டது.

அவுஸ்திரேலியாவின் கதையைப் பார்ப்போம். 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் மாநாட்டிலிருந்துதான் கொழும்புத் திட்டம் பிறந்தது. அதன் புலமைப்பரிசிலில் ஆசிய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து படித்தார்கள். வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை நடப்பிலிருந்த காலம் அது. படிக்க வரலாம், படித்து முடித்துத் திரும்ப வேண்டும். 1974இல் விற்லம் அரசு பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழித்தபோது வெளிநாட்டு மாணவருக்கும் அந்தச் சலுகை கிடைத்தது. 1980இல் அவர்களுக்கென்று தனிக் கட்டணம் வந்தது. 1984இல் ஜாக்சன் குழுவின் அறிக்கை, கல்வியை ஏற்றுமதிப் பண்டமாகப் பார்க்கலாம் என்றது. 1990இலிருந்து புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர் எல்லோரும் முழுக்கட்டணம் கட்ட வேண்டும் என்றானது. உதவி பெற வந்தவராக இருந்த "வெளிநாட்டு மாணவர்" பதினாறு வருடத்துக்குள் வாடிக்கையாளராக மாறிவிட்டார்.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. ஊரில் வைத்தியராகவே இருந்து இங்கு வந்தவர்களுக்கும் வாசல் இலகுவாகத் திறக்கவில்லை. 1992இல், ஏ.எம்.சி. பரீட்சையில் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடியவர் ஆண்டுக்கு 200 பேர் மட்டும் என்று வரம்பு போட்டார்கள். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. எனக்குத் தெரிந்த ஒரு வைத்தியர் அந்த நாட்களில் மெல்பேர்ணில் இரவில் ராக்சி ஓடினார். "அங்கையும் கோட்டா, இங்கையும் கோட்டா" என்று சொல்லிச் சிரிப்பார்.

இனி எங்கள் தெருப் பிள்ளையின் விடயம். 2012 ஓகஸ்ட் 13 தொடக்கம் 2014 ஜனவரி 1 வரை படகில் வந்தவர்களின் அகதி விண்ணப்பங்கள் "ஃபாஸ்ட் ட்ராக்" முறையில் விசாரிக்கப்பட்டன. பெயர்தான் விரைவு, பலருக்குப் பத்து வருடம் போய்விட்டது. ஏற்கப்பட்டவர்களுக்கும் ரி.பி.வி., ஷெவ் என்ற தற்காலிக வீசாக்களே கிடைத்தன. 2023 பெப்ரவரியில் அரசாங்கம் அவர்களுக்கு நிரந்தர வீசாவுக்கு வழிவிட்டது. அந்த வீசா கிடைத்த பிள்ளைகள் இப்போது ஹெக்ஸ் கடனில் படிக்கலாம். நிராகரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அந்த வழிக்குள் வரவில்லை.

வித்தியாசம் எவ்வளவு? அரசு ஆதரவுள்ள இடத்தில் மருத்துவம் படிக்க மாணவர் பங்கு ஆண்டுக்குச் சுமார் 13,000 டொலர். சர்வதேச மாணவருக்குப் பெரிய பல்கலைக்கழகங்களில் 80,000 டொலருக்கு மேல். ஐந்து வருடத்தைக் கணக்குப் பண்ணிப் பாருங்கள். அவளுடைய தகப்பன் கோழித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறார்.

அன்று அவள் கடைசிப் பெட்டியில் புள்ளடி போட்டாள். நுழைவுக்கான யூகற் பரீட்சையை ஏற்கெனவே யூலையில் எழுதியிருந்தாள், நல்ல புள்ளிகள். நேர்முகத்துக்கும் அழைத்தார்கள். இடமும் வந்தது, கட்டண விபரத்தோடு. தாய் அந்தக் கடிதத்தைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு என்னிடம் வந்து, "அண்ணை, இதுக்கு என்ன மறுமொழி எழுதுறது?" என்று கேட்டா. இருவருமாக மறுத்து எழுதினோம். நான்கு வரிக் கடிதம், முழுப் பின்னேரமும் போனது.

புகலிடம் கோருவோரின் பிள்ளைகளுக்கென்று சில பல்கலைக்கழகங்கள் கட்டண விலக்குடன் புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன. மருத்துவம் பெரும்பாலும் அதற்குள் வராது. வேறொரு பல்கலைக்கழகத்தில் மருத்துவ விஞ்ஞானத்துக்கு அப்படி ஓர் இடம் அவளுக்குக் கிடைத்தது. படித்துக்கொண்டிருக்கிறாள். பட்டத்துக்குப் பிறகு கம்சற் பரீட்சை எழுதி மருத்துவத்துக்குப் போகலாம் என்பது அவளது எண்ணம். அப்போதும் அதே படிவம், அதே பெட்டிகள் இருக்கும். வீசா பற்றிய கடிதம் இன்னும் வரவில்லை.

உங்கள் பிள்ளைகள் படித்து முடித்த கம்சற் புத்தகங்கள் வீட்டில் இருந்தால் அடுத்த முறை நிலையத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். பழைய பதிப்பென்றாலும் பரவாயில்லை என்கிறாள்.