லோத்தலில் களிமண் சொன்ன சேதி

குஜராத்தில் அகமதாபாத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது லோத்தல். 'இறந்தோர் மேடு' என்பது பெயரின் பொருள். ஹரப்பா நாகரிகத்தைச் சேர்ந்த இவ்வூரை 1954இல் தொல்லியல் துறையின் எஸ்.ஆர். ராவ் கண்டறிந்தார். மறு ஆண்டே அகழாய்வு தொடங்கியது. 1976இல் அங்கேயே அருங்காட்சியகமும் அமைந்தது. அதைக் காணும் பாக்கியம் எனக்குக் கிட்டியது.

லோத்தல் என்றதும் எல்லோரும் பேசுவது 214 மீட்டர் நீளமும் 36 மீட்டர் அகலமும் கொண்ட செங்கல் தொட்டியைப் பற்றித்தான். கப்பல்துறை என்றார் ராவ்; வெறும் நீர்த்தேக்கம் என்றனர் சிலர். சபர்மதி ஒரு காலத்தில் இவ்வூரை ஒட்டி ஓடியது என்று 2024இல் காந்திநகர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கூறியது ராவின் கருத்துக்கு வலு சேர்த்தது.

என்னைக் கட்டி நிறுத்தியவையோ சின்னஞ்சிறு களிமண் வில்லைகள். அக்கால வணிகர்கள் சரக்குப் பொதியைக் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, முத்திரை குத்துவார்கள். பொதியைப் பிரிக்கும்போது வில்லை உடைந்துபோகும். சுடாத மண் ஆதலால் நாளடைவில் கரைந்தும் போகும். ஆனால் இங்கே பண்டகசாலை ஒருநாள் தீக்கிரையாயிற்று. அந்தத் தீயே களிமண்ணைச் சுட்டுக் கெட்டியாக்கியது. அவ்வாறு தப்பியவை 65 வில்லைகள். ஊருக்கு அன்று நேர்ந்த பெருநஷ்டம், சரித்திரத்துக்கு லாபமாயிற்று!

வில்லையின் முன்புறம் சிந்து எழுத்துக்கள். அவற்றை நம் ஐராவதம் மகாதேவன் 1977இல் தொகுத்து அட்டவணைப்படுத்தினார். ஆயினும் எல்லோரும் ஏற்கும் வாசிப்பு இன்றுவரை இல்லை. பின்புறத்தைப் படிக்கவோ பாண்டித்யம் வேண்டாம். துணியின் இழை, நாணற்பாய், கயிற்றின் முறுக்கு எல்லாம் அச்சாகப் பதிந்துள்ளன. துணி மக்கிப்போய் நாலாயிரம் வருஷம் ஆயிற்று. நெசவு மட்டும் மண்ணில் நிற்கிறது. சில வில்லைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முத்திரைகள் உள்ளன. ஒரே சரக்குக்குப் பலர் பொறுப்பேற்றிருக்கலாம்.

அரசர் பெயரோ போர்ச் செய்தியோ இங்கு நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது, முகமறியாதவரிடமும் நம்பிப் பொருளை அனுப்பிய ஒரு சமூகத்தின் ஒழுங்கு. சோமநாதம், துவாரகை யாத்திரை செல்லும் அன்பர்கள் ஒருநாளை லோத்தலுக்கும் ஒதுக்குங்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வில்லைகளின் முன்புறத்தோடு நின்றுவிடாமல், பின்புறத்தையும் விசாரித்து அறியுங்கள்.